பயணத்தில் மறக்காத சாப்பாட்டுக் கடைகளை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

பெட்டிதூக்கி:

வணக்கம். வேலை காரணமாக வருடத்தில் ஏழெட்டு முறை வெளியூர், வெளிநாடு என்று போகவேண்டியிருக்கிறது. இயந்திரத்தைப் பொருத்தி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும் வேலை. ஒரு ஊரில் மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து. கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் நான் வேலை முடித்து வரும்போது மூடியிருக்கும். எனக்கு வாய்ப்பது சாப்பாடு மட்டும்தான். அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து தேடி, கைப்பேசி வரைபடத்தில் முப்பது நாற்பது கடைகளைக் குறித்து வைத்துவிடுவேன். எத்தனை நட்சத்திரம், எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், படத்தில் தட்டு எப்படி இருக்கிறது, எல்லாம் பார்த்துத்தான்.

பிரச்சினை என்னவென்றால் அந்தக் கடைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. மோசம் என்று சொல்ல மாட்டேன், எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எந்தக் கடை எந்த ஊரில் என்று கேட்டால் விழிப்பேன். மறக்காமல் இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு துறைமுக ஊரில் குறித்து வைத்த கடைக்குப் போனால் அன்றைக்கு அவர்களுக்கு வார விடுமுறை. திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் படகு பழுதுபார்க்கும் பட்டறை. அதன் பின்பக்கம் நாலு பெஞ்சு போட்டு அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்ப்பலகை இல்லை, விலைப்பட்டியல் இல்லை, எனக்கு அவர்கள் மொழியும் தெரியாது. சமைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து காட்டினார். மூன்றாவதைக் கை காட்டினேன். என்ன மீன் என்று இன்றுவரை தெரியாது. ஈரச் சட்டையோடு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டேன், பெஞ்சுக்கு அடியில் ஒரு பூனை என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டது வரை ஞாபகம் இருக்கிறது.

இந்த மாதிரி இடத்தை மழையை நம்பி இருக்காமல் தேடிப் பிடிக்க வழி உண்டா? இன்னொன்று, கடலுக்கு அடியில் உணவகம், இருட்டில் சாப்பாடு, கிரேனில் தொங்கிக்கொண்டு சாப்பாடு என்றெல்லாம் வருகிறதே, அதற்கெல்லாம் செலவு செய்வது வீணா? பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். வயிறும் அவ்வளவு திடமானது இல்லை. அடுத்த பயணம் பத்து நாளில்.


நாலுமுக்கு:

கடையைத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஆளைத் தேடிப் பாருங்கள் நண்பரே.

“இங்கே நல்ல ஓட்டல் எது?” என்று கேட்டால் உலகத்தில் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். வெளியூர்க்காரர், கொஞ்சம் காசு உள்ளவர், சுத்தமும் குளிர்சாதனமும் எதிர்பார்ப்பார் என்று அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டு, தாங்கள் கல்யாண நாளுக்குப் போகிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களை மரியாதையாக நடத்துகிறார்கள், அவ்வளவுதான், அவர்கள் மேல் தப்பில்லை. கேள்வியை மாற்றுங்கள். “நேற்று மத்தியானம் நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்?” இதில் நேற்று என்ற சொல்தான் வேலை செய்யும். பிடித்த கடை என்று கேட்டால் யோசித்து, மெருகேற்றி, பெருமையாக ஒன்றைச் சொல்வார்கள். நேற்று என்றால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். “வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தேன்” என்று சொன்னால் அடுத்த ஆளைக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் இருக்கிறது. விடுதி வரவேற்பில் கேட்காதீர்கள். தையல்காரர், சாவி போடுகிறவர், நகல் எடுக்கும் கடைக்காரர், இப்படி அந்தத் தெருவிலேயே பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களாகப் பாருங்கள். என்னுடைய வழக்கம் முடிவெட்டிக்கொள்வது. அரை மணி நேரம் நகரமுடியாமல் ஒருவரோடு பேசியாக வேண்டும், அவருக்கும் பேச ஆள் வேண்டும். மூன்று நாடுகளில் எனக்குக் கோணலான கிராப்பும் நல்ல சாப்பாடும் இப்படித்தான் கிடைத்திருக்கின்றன.

அப்புறம், மதியத்தை வீணாக்காதீர்கள். ராத்திரிக் கடை பொழுதுபோக்கு, மதியக் கடை தேவை. இஸ்தான்புல்லில் ‘எஸ்னாஃப் லொகாந்தா’ என்று ஒரு வகை உண்டு, கடைத்தெருக்காரர்களும் கைத்தொழில் செய்பவர்களும் சாப்பிடுகிற இடம் என்றுதான் அந்தப் பெயருக்கே அர்த்தம். காலையில் சமைத்த பத்துப் பதினைந்து வகையைக் கண்ணாடிக்குப் பின்னால் சூடாக அடுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் கை காட்டினால் போதும், மொழியே வேண்டாம். மதியம் தாண்டித் தாமதமாகப் போனால் நல்லது எல்லாம் தீர்ந்திருக்கும். பெயர் வேறாக இருந்தாலும் உழைக்கிறவர்கள் கூட்டமாக இருக்கிற எந்த ஊரிலும் இதற்கு ஒரு தம்பி இருப்பான்.

ஒரு சந்தேகம். நீங்கள் போகிற தொழிற்சாலையில் உங்களோடு கூட நின்று வேலை செய்கிற ஃபிட்டர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்?


பெட்டிதூக்கி:

@நாலுமுக்கு, சத்தியமாக இதுவரை கேட்டதில்லை. போன இடத்தில் எல்லாம் மேலாளர் வந்து காரில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதுவும் நீங்கள் சொன்ன அந்தக் கல்யாண நாள் கடைதான்.


அடுப்படி:

பத்தொன்பது வருடம் ஓட்டல் சமையற்கட்டில் நின்றவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

விடுதி வரவேற்பில் கேட்காதே என்று நாலுமுக்கு சொன்னதற்குக் காரணம் மரியாதை மட்டும் இல்லை. ஆள் அனுப்பினால் கமிஷன் என்ற ஏற்பாடு இந்தத் தொழிலில் சாதாரணம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மாதக் கடைசியில் உறைகளை எண்ணி வைப்பதே ஒரு வேலையாக இருந்தது. வாடகைக் கார் ஓட்டுநர் தானாக முன்வந்து ஒரு கடையைச் சொன்னால் அதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களாகக் கேட்டுச் சொன்னால் வேறு.

நட்சத்திரங்களைப் பற்றி. 2017இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் தன் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று ஒரு பெரிய பயணத் தளத்தில் பதிந்தார். கடையே கிடையாது. முன்பதிவில் மட்டும் என்று போட்டுவிட்டு, யார் கூப்பிட்டாலும் இடம் காலியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தளத்தில் போட்ட சாப்பாட்டுப் படங்களில் இருந்தது சவர நுரை, இன்னொரு படத்தில் தட்டில் இருந்தது அவருடைய குதிகால். நண்பர்கள் விமர்சனம் எழுதினார்கள். 18,149ஆவது இடத்தில் தொடங்கிய அந்தக் கொட்டகை ஆறே மாதத்தில் லண்டன் உணவகப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒரே ஒரு இரவு திறந்து கடையில் வாங்கிய ஆயத்த உணவைச் சூடாக்கிப் போட்டார், வந்தவர்களில் சிலர் மறுபடியும் வரலாமா என்று கேட்டார்களாம். இதை வைத்து எல்லா விமர்சனமும் பொய் என்று சொல்லவில்லை. சராசரி எண் உங்களுக்கு எதையும் சொல்லாது என்கிறேன்.

நான் பார்ப்பது மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைத்தான். ஐந்து கொடுத்தவர் சந்தோஷத்தில் இருக்கிறார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருக்கிறார். மூன்று கொடுத்தவர்தான் “குழம்பு அருமை, ஆனால் உட்கார இடமில்லை, பெரியவர் சிடுசிடுவென்று இருக்கிறார்” என்று எழுதுவார். எனக்கு அந்தக் கடைதான் வேண்டும். கடைக்காரர் போட்ட படங்களைத் தள்ளிவிட்டு வாடிக்கையாளர் எடுத்த மங்கலான படங்களைப் பாருங்கள், பக்கத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். தேடும்போது அந்த ஊர் எழுத்திலேயே தேடுங்கள், மொழிபெயர்ப்புச் செயலியில் ‘மதியச் சாப்பாடு’ என்று போட்டு வருவதை ஒட்டினால் வேறு ஒரு ஊரே திறக்கும். ஜப்பானில் மக்கள் பார்க்கிற தளத்தில் 3.5 வாங்கினாலே நல்ல கடை என்று பொருள், அங்கே யாரும் தாராளமாக ஐந்து போடுவதில்லை. நம் கண்ணுக்கு 3.5 என்றால் குப்பை. எண்ணை வைத்துப் பார்த்தால் நல்ல கடையெல்லாம் தவறிப்போகும்.

விலைப்பட்டியல் நீளத்தைப் பாருங்கள். நூற்றைம்பது வகை இருந்தால் பாதி உறைபெட்டியிலிருந்துதான் வரும், வேறு வழியே கிடையாது, அத்தனையையும் யாராலும் காலையில் நறுக்க முடியாது. கையால் எழுதி, இரண்டு வரி அடித்திருந்தால் உள்ளே போங்கள். அடித்தது தீர்ந்துபோனது.

கடை வழிகாட்டி என்றாலே எல்லோரும் மிஷ்லினைச் சொல்வார்கள். அது டயர் கம்பெனி. 1900இல் அந்த வழிகாட்டியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது பிரான்ஸ் முழுக்க இருந்ததே மூவாயிரத்துக்கும் குறைவான கார்கள். ஆட்கள் நிறைய ஓட்டினால் டயர் தேயும் என்பதுதான் திட்டம். நட்சத்திரம் 1926இல் வந்தது. பிறகு அதற்கு அர்த்தம் எழுதினார்கள்: ஒன்று என்றால் அதன் வகையில் நல்ல கடை, இரண்டு என்றால் பாதையை விட்டு விலகிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே கிளம்பிப் போகலாம். கடையை அவர்கள் தூரத்தால் அளந்தது எனக்குப் பிடிக்கும். எவ்வளவு ருசி என்பதை விட இதற்காக எவ்வளவு தூரம் போவாய் என்பது நேர்மையான கேள்வி.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஆள் ஒருவர் உண்டு, அமெரிக்காவில் டங்கன் ஹைன்ஸ். அச்சகத்துக்காக ஊர் ஊராகப் போய் விற்பனை பார்த்தவர். போகிற வழியில் நல்ல சாப்பாட்டுக் கடைகளை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார், ஆட்கள் ஓயாமல் கேட்கவே 1935இல் கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு அந்தப் பட்டியலை அச்சடித்து நண்பர்களுக்கு அனுப்பினார். மறு வருடம் அதுவே புத்தகமாகிவிட்டது. சமையற்கட்டைப் பார்க்காமல் அவர் எந்தக் கடையையும் நம்பமாட்டார். உங்கள் துறைமுகத்து அம்மா செய்தது அதுதான், பாத்திர மூடியைத் திறந்து காட்டியது. மறைக்க எதுவும் இல்லாதவர்தான் அப்படிச் செய்வார்.


கடல்காகம்:

விசித்திரக் கடைகளை எல்லோரும் ஒதுக்கிவிடுவீர்கள் என்று தெரியும், அதனால் நான் அவர்கள் பக்கம் நின்று ஒரு வாதம் வைக்கிறேன்.

இடமே விசித்திரமாக இருப்பது ஒன்று, சும்மா இருந்த இடத்துக்கு யாரோ வேஷம் போட்டது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. ஸ்பெயினின் கானரித் தீவுகளில் லான்சரோட்டேயில் எரிமலை மேல் ஒரு உணவகம் இருக்கிறது, தரையில் கிணறு மாதிரி ஒரு குழி, அதன் மேல் கம்பி வலை, அடியிலிருந்து வரும் பூமியின் சூட்டிலேயே இறைச்சி வேகிறது. அங்கே எரிமலை 1730இலிருந்து 1736 வரை கக்கியது, சூடு இன்னும் அடங்கவில்லை. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் ஃபுர்னாஸ் என்ற இடத்தில் பானையை மண்ணில் புதைத்து ஆறு மணி நேரம் கழித்துத் தோண்டி எடுக்கிறார்கள். சான்சிபாரில் கடலுக்குள் ஒரு பாறை மேல் ஒரு சின்னக் கடை, நீர் வற்றியிருந்தால் நடந்து போகலாம், ஏறிவிட்டால் படகு, போகும்போது நடந்து போனவர் வரும்போது படகில் வருவார். இதெல்லாம் அந்த இடம் கொடுத்தது. வேறு ஊரில் இப்படிக் கட்டமுடியாது.

கிரேன் சமாச்சாரம் அப்படியில்லை. பெல்ஜியத்தில் 2006இல் ஆரம்பித்தது, மேசையோடு 22 பேரைக் கட்டி 50 மீட்டர் உயரம் தூக்குவார்கள், அதே மேசையை எந்த ஊருக்கும் எடுத்துக்கொண்டு போகலாம், போகவும் செய்கிறார்கள். நான் போகவில்லை, உயரம் எனக்கு ஆகாது, அதனால் இதில் என் தீர்ப்பை நம்பவேண்டாம்.

கடலடியில் என்றால் மாலத்தீவில் இத்தா, 2005இல் திறந்தது, நீர்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே, பதினான்கு பேர்தான் உட்காரலாம். நார்வேயின் தென்கோடியில் லிண்டெஸ்னெஸில் ‘அண்டர்’ 2019இல் வந்தது, ஐந்தரை மீட்டர் ஆழம். இரண்டும் ஒன்று மாதிரித் தெரிந்தாலும் அங்கே பவளப்பாறையும் வெளிச்சமும், இங்கே பச்சை இருட்டும் முரட்டு அலையும். அண்டரில் கடல் ஆய்வும் நடக்கிறது, ஜன்னலுக்கு வெளியே என்ன வருகிறது போகிறது என்பதை அறிவியலாளர்கள் பார்க்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை சேமித்து வைத்துப் போகலாம் என்பது என் எண்ணம், வேலைப் பயணத்தில் நடுவில் செருகுவதற்கு இல்லை.

இருட்டுக் கடைக்கு மட்டும் யார் கேட்டாலும் போகச் சொல்வேன். 1999இல் ஜூரிக்கில் பார்வையற்றவர்கள் சேர்ந்து ‘பிளிண்டேகூ’ என்று தொடங்கினார்கள், பிறகு அந்த யோசனை பாரிஸ் அது இது என்று பரவியது. நான் போனது வேறொரு ஊரில். உள்ளே முழு இருட்டு, கண் பழகும் பழகும் என்று காத்திருந்தால் பழகவே பழகாது. பார்வையற்ற பரிமாறுபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் எனக்கு மூச்சு முட்டியது, எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. அவர் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டு, என் கையை எடுத்துத் தட்டு, தண்ணீர், நாற்காலி முதுகு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சாப்பாடு சுமார்தான். காரட்டை வேறு எதுவோ என்று நினைத்துச் சாப்பிட்டேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த என் அக்காவும் நானும் அன்றைக்குப் பேசியது மாதிரி பல வருடமாகப் பேசியதில்லை, முகம் தெரியவில்லை என்பதாலோ என்னவோ. மறக்காத சாப்பாடு என்று கேட்டால் நான் சொல்வது இதைத்தான், சாப்பிட்டது என்னவென்று தெரியாவிட்டாலும்.


ஒத்தையடி:

லாரிகள் நிற்கிற இடத்தில் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லையே! அதுதான் பழைய விதி.


நெடுஞ்சாலை:

@ஒத்தையடி தம்பி, பதினோரு வருடம் கனரக வண்டி ஓட்டினேன். நாங்கள் நிறுத்துவது வண்டியைத் திருப்ப இடம் இருக்கிற இடத்தில். கழிப்பறை, தண்ணீர், ராத்திரி டீசல் திருட்டு இல்லாத வெளிச்சம், அதெல்லாம் பார்த்து நாலாவதாகத்தான் சாப்பாடு. பல கடைகளில் உப்பும் காரமும் மட்டும்தான் இருக்கும், தூக்கம் வராமல் இருக்க. ஒரே ஒரு அடையாளம் சொல்கிறேன்: ஓட்டுநர் தன் வீட்டுக்கு என்று பொட்டலம் கட்டி வாங்கினால் அந்தக் கடையில் உட்காருங்கள்.


மாத்திரைப்பை:

வயிறு பற்றி யாருமே பேசவில்லை, கேட்டவர் கேட்டிருக்கிறார். நான் செவிலியர், பயணமும் நிறைய.

தெருக்கடை என்றால் ஆபத்து, பெரிய ஓட்டல் என்றால் பத்திரம் என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் விஷயம், அந்த இடைவெளியில்தான் கிருமி பெருகும். கண் முன்னால் கொதிக்கிற எண்ணெயிலிருந்து எடுத்துத் தருகிற தள்ளுவண்டியில் அந்த நேரமே கிடையாது. நட்சத்திர விடுதியின் காலை உணவு வரிசையில் ஏழு மணிக்கு வைத்த முட்டை பத்து மணிக்கும் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும். என் வாழ்க்கையில் மிக மோசமாகப் படுத்தது அப்படி ஒரு பளிங்குக் கூடத்தில் சாப்பிட்டுத்தான்.

ஆகவே சூடாக, உங்களுக்காக அப்போது சமைத்தது, உரிக்கக்கூடிய பழம். ஐஸ், நறுக்கி வைத்த பழம், மேசையில் திறந்து கிடக்கும் சட்னி வகையறா, இதெல்லாம் முதல் இரண்டு நாள் வேண்டாம். கூட்டம் உள்ள கடை நல்லது என்பதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை, பாத்திரம் சீக்கிரம் காலியாகும், பழையது தங்காது. ஒவ்வாமை ஏதாவது இருந்தால் அந்த ஊர் மொழியில் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள், மொழி தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு. செயலியை நம்பி வேர்க்கடலைக்குப் பதில் வேறு எதையோ காட்டிக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும்.


மறுசோறு:

தனியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. மூன்று நாளில் மூன்று கடை என்று போகாதீர்கள். முதல் நாள் சுமாராகப் பிடித்த கடைக்கே இரண்டாம் நாளும் போங்கள். முதல் நாள் நீங்கள் யாரோ. இரண்டாம் நாள் “அட, வந்துவிட்டாரா” என்று ஒரு பார்வை வரும். மூன்றாம் நாள் கேட்காமலே எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள், பட்டியலில் இல்லாததாக இருக்கும். கியூபாவின் ஹவானாவில் வீட்டுக் கூடத்திலேயே நடத்தும் ‘பலதார்’ கடைகளுக்கு அரசாங்கம் முதலில் பன்னிரண்டு இருக்கைதான் அனுமதித்தது. அந்த மாதிரிச் சின்ன இடத்தில் இரண்டாவது முறை போனாலே நீங்கள் விருந்தாளி.

நேரமும் முக்கியம், கூட்டம் வருவதற்கு அரை மணி முன்னால் போங்கள். சமைக்கிறவர் முகத்துக்கு எதிரே இருக்கிற பலகையில் உட்காருங்கள், மூலை மேசைக்குப் போகாதீர்கள். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போடுங்கள், பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் பேசவரமாட்டார்கள்.

இன்னொன்று, உட்காருவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூரில் ஹாக்கர் சென்டரில் (சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடம்) காலி மேசை, மேலே ஒரு சின்ன டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அதில் கையும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அது இடம் பிடித்து வைத்ததற்கான அடையாளமாம். தட்டோடு வந்த பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, நின்று பார்த்தார், அவ்வளவுதான். நான் எழுந்த வேகம்! அங்கே 2016இல் இரண்டு தள்ளுவண்டிக் கடை அளவு இடங்களுக்கு மிஷ்லின் நட்சத்திரம் கிடைத்தது, வரிசை எங்கேயோ போய்விட்டது. நான் அந்த வரிசையில் நிற்காமல் இரண்டு கடை தள்ளிச் சாப்பிட்டேன், நட்சத்திரக் கடையை இழந்தேனா என்று இன்னமும் ஒரு அரிப்பு இருக்கத்தான் செய்கிறது.


அடுப்படி:

@மறுசோறு, வரிசையில் நில்லுங்கள் ஐயா ஒரு முறையாவது. பிரபலமானதெல்லாம் மோசம் என்பதும் ஒரு வகை மூடநம்பிக்கைதான். மாட்ரிட்டில் போத்தின் 1725இலிருந்து நடக்கிறது, உலகின் மிகப் பழைய உணவகம் என்று கின்னஸில் இருக்கிறது, சுற்றுலாக் கூட்டம் நிரம்பி வழியும், ஆனால் அந்த விறகு அடுப்பு அந்தக் காலத்து அடுப்பு. அதன் முன்னால் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது, சமையல்காரனுக்குத்தான் அது தெரியும்.


பெட்டிதூக்கி (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி, போய்விட்டு வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் தப்பிக்க முடியவில்லை. மேலாளர் கூட்டிப்போன இடம் முப்பதாவது மாடிக்கு மேல் எங்கேயோ. மூன்று வகை ரொட்டி வந்தது, நான் கண்ணாடி வழியாகக் கீழே தெரிந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் என்னோடு வேலை செய்த ஃபிட்டரிடம், நேற்று மத்தியானம் எங்கே சாப்பிட்டீர்கள் என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார், அவரும் சிரித்தார். எதையோ தப்பாகக் கேட்டுவிட்டேன் போல என்று நினைத்தேன். மணி பதினொன்றரைக்கு வண்டியின் பின்னால் ஏறச் சொன்னார். மேலாளரிடம் வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன் (மாத்திரைப்பை அக்கா மன்னிக்கவும்).

வீட்டு முன்னறை, ஐந்து மேசை. பானை காலியாகிறவரைதான் கடை, ஒரு மணிக்குள் முடிந்துவிடும். வருகிறவர்கள் யாரும் காசு கொடுக்கவில்லை. கதவோரம் ஒரு பெரியவர் நீள நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எல்லோருக்கும் மாதக் கணக்கு, சாப்பிட்டுவிட்டு அவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவர் ஒரு கோடு போடுவார். நான் பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. ஃபிட்டரிடம் ஏதோ கேட்டார், பிறகு புதிதாக ஒரு பக்கத்தைத் திருப்பி, என் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, அவர் எழுத்தில் மெதுவாக எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார். மறுநாளும் போனேன், அதற்கு அடுத்த நாளும். மூன்று கோடு. மூன்றாம் நாள் எனக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் கருகின அடிச்சோறு வந்தது. வேண்டாத மிச்சமோ என்று நான் விழிக்க, எதிரில் இருந்தவர் அதில் தன் கரண்டியை நீட்டி எடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் அதற்குப் போட்டி இருக்கிறது என்று தெரிந்தது. கிளம்பும்போது கணக்கைத் தீர்த்தேன். கோடுகளின் மேல் குறுக்கே ஒன்று இழுத்தார், பக்கத்தைக் கிழிக்கவில்லை.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் கொதிக்கக் கொதிக்கத்தான் வந்தது.


ஒத்தையடி:

அருமை அண்ணா! கடையின் பெயரைச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் போகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்வோம்.


பெட்டிதூக்கி:

வாசலில் ஒரு பலகை இருந்தது, படம் எடுத்து வைத்திருந்தேன். இப்போதுதான் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். “இங்கே எல்லா வகை டயர்களுக்கும் பஞ்சர் ஒட்டப்படும்” என்று வருகிறது. அது பக்கத்துக் கடையின் பலகை போலிருக்கிறது.